முத்தக்காவின் சாட்சி

ஜனவரி 18, வியாழன். செம்மேடு

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்திரண்டாவதில் வாந்தி வந்து கணக்குத் தப்பிவிட்டது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, "மலை ஏறும்போது வெறும் வயித்தோட வரணும்மா" என்றார். நாமக்கல்லில் நான் பூரி தின்றபோது எதிரே உட்கார்ந்திருந்தவர்தான். அப்போது சொல்லியிருக்கலாம்.

விடுதி அறையில் இரண்டு கட்டில்கள். இன்னொரு கட்டில்காரி நாளை வருகிறாளாம். ஐம்பத்தொன்பது வயதில், முன்பின் தெரியாத ஒருத்தியோடு ஒரே அறையில் படுக்க வேண்டும். நான் தூக்கத்தில் குறட்டை விடுவேனா என்பதுகூட எனக்குத் தெரியாது. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

காலையில் பூஜை. தேங்காய் ஒரே அடியில் உடைந்ததற்கு எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் அஸ்வத்துக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். "நாம மூடநம்பிக்கைய எதிர்த்துப் படம் எடுக்கிறோம்" என்று பேசினார். பேசி முடித்த கையோடு கேமராவுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தயாரிப்பு மேனேஜர் கஜபதி திரும்பிப் பார்த்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

இதையும் எழுதிவைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துபோகலாம். இந்தப் படம் எங்கள் நாடகம். மதுரையில் எங்கள் குழுவுக்காக இளவழுதி எழுதிய 'கரும்பாறை வழக்கு'. கும்பினிக்காரன் காலத்தில் ஒரு மலைக்கிராமத்தில் பேதி கண்டு குழந்தைகள் சாகின்றன. செங்காயி என்பவள் சூனியம் வைத்துவிட்டாள் என்று ஊர் பிடித்துக்கொடுக்கிறது. தாசில்தார் விசாரிக்கிறார். பக்கத்து வீட்டு முத்தக்கா, அவளிடம் உப்பும் நெருப்பும் வாங்கிப் பிழைத்தவள், "என் கண்ணால பார்த்தேன்" என்று சாட்சி சொல்கிறாள். அந்தச் சாட்சியில்தான் செங்காயி சாகிறாள்.

பத்தொன்பது வருடம் நான் செங்காயியாக நடித்தேன். நூற்று நாற்பத்து மூன்று மேடை. பகலில் பள்ளிக்கூட நூலகர், சனி ஞாயிறில் செங்காயி. மைக் கிடையாது. கடைசி வரிசையில் பீடி பிடிப்பவன் வரைக்கும் என் குரல் போகும். இதற்கெல்லாம் அத்தாட்சி என்ன இருக்கிறது என்றால், ஒரே ஒரு புகைப்படம். அதிலும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது செங்காயியாக ஓர் இருபத்தாறு வயதுப் பெண் நடிக்கிறது. நல்ல நிறம், நல்ல பெண். எனக்கு முத்தக்கா வேடம். இரண்டே காட்சிகள்: உப்பு வாங்குவது, சாட்சி சொல்வது. கொடுத்ததே பெரிது. நான் என்று ஒருத்தி நடித்தேன் என்பதற்கு இந்த இரண்டு காட்சிகள்தான் மிஞ்சப்போகின்றன. இது கைவிட்டுப் போனால் அந்த முதுகுதான்.

ஜனவரி 20, சனி

கட்டில்காரி வந்துவிட்டாள். பெயர் ஃபிலோமினா, ராயபுரம். ஹேர்டிரஸ்ஸர். நாற்பத்தைந்து வயது. வாய் மூடுவதில்லை. வந்ததும் வராததுமாக என் கொண்டையைப் பிரித்துப் பார்த்து, "இன்னாக்கா இது, தலையா தேங்கா நாரா? யாரும் கவனிக்கிறதில்லயா உங்கள?" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் எண்ணெய் தேய்த்துவிட்டாள். என் தலையில் இன்னொருவர் கை பட்டு எத்தனை வருடம் இருக்கும்! அம்மா போனது தொண்ணூற்றேழில்.

ஜனவரி 21, ஞாயிறு

பனிமூட்டம். படப்பிடிப்பு இல்லை. இரண்டு சேலை துவைத்தேன், காயவில்லை.

ஜனவரி 22, திங்கள்

உப்பு வாங்கும் காட்சி இன்று முடிந்தது. நான் பேசியதும் ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "அம்மா, மெதுவா. இது கேமரா" என்றார் அஸ்வத். அப்புறம் அருகே வந்து உட்கார்ந்து, "மேம், முத்தக்கா ஏன் பொய் சொல்றா? உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"பொறாமை. வேறென்ன? சில பொம்பளைக பிறவியே அப்படித்தான்" என்றேன்.

அவருக்குத் திருப்தியில்லை. யோசிச்சு வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தொன்பது வருடம் அவள் கையால் செத்தவள் நான். என்னிடம் கேட்கிறார். மேடையில் முத்தக்காவாக நடித்த காந்திமதியோடு நான் வெளியிலும் அதிகம் பேசியதில்லை. வேடம்தான் என்று தெரியும், இருந்தாலும் மனசு ஒட்டவில்லை.

மத்தியானம் ஜெனரேட்டர் நின்றுபோனது. நான்கு மணிநேரம் வீண்.

ஜனவரி 24, புதன்

மறுபடி பனி. எல்லோரும் விடுதியிலேயே அடைந்து கிடந்தோம். ஃபிலோ எனக்கு மருதாணிப் பொடி குழைத்துக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். புருஷன் வேறொருத்தியோடு போய் எட்டு வருடம். பிள்ளை இல்லை. "இருந்திருந்தா அதுவும் அவன் கூடப் போயிருக்கும்" என்று சிரித்தாள்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், உங்களோட வெச்சுக்கோங்க. நான் கடைசியா செஞ்ச மூணு படமும் பொட்டிக்குள்ள போயிடுச்சுக்கா. ஒண்ணு கூட ரிலீஸ் இல்ல. வேற வேற கம்பெனி, அதனால யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுதுன்னு வெய்ங்க, ராசியில்லாதவன்னு முத்திர குத்திடுவாங்க. எங்க லைன்ல அது ஒண்ணு போதும்."

"சீ, அதுக்கும் ஒனக்கும் என்ன சம்பந்தம்? படம் ஓடுறதும் ஓடாததும் மயிரு பின்னுறவ கையிலயா இருக்கு?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தலையில் மருதாணியோடு இரண்டு பேரும் ஒரு தட்டில் பஜ்ஜி தின்றோம்.

ஜனவரி 25, வியாழன்

என் குறட்டை பற்றிக் கேட்டேன். "லாரி போற மாதிரி இல்லக்கா. ஷேர் ஆட்டோ மாதிரி" என்கிறாள்.

ஜனவரி 26, வெள்ளி

விளக்குத் தாங்கி ஒன்று சரிந்து, நாயகியின் கால் ஓரமாக விழுந்தது. சிராய்ப்புதான், ஆனால் அந்தப் பெண் வெலவெலத்துப் போய்விட்டது. கூட வந்திருக்கும் அதன் அம்மா அங்கேயே சென்னை ஜோசியருக்குப் போன் போட்டார். யூனிட்டில் ஒரு பெண்ணால் தோஷமாம். குடும்பமில்லாத ஒண்டிக்கட்டையாம்.

சாயங்காலம் பூசணிக்காய் உடைத்தார்கள். படம் முடியும்போதுதான் உடைப்பது வழக்கம், பாதியிலேயே உடைத்துவிட்டார்கள். அஸ்வத் தள்ளி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நாற்பது பேரில் குடும்பமில்லாத பெண்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறோம்.

ஜனவரி 27, சனி

காலையில் வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மறந்திருப்பார்கள்.

டீ கொண்டுவந்தவர் எனக்கு முன்னால் இருந்தவர் வரைக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். தீர்ந்துபோயிருக்கும்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை, நான் எழுந்ததும் ஒருவர் தண்ணீர் தெளித்து எடுத்துப்போனார். தூசி இருந்திருக்கலாம்.

ஃபிலோ மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னா மூஞ்சி தொங்குது?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒப்பனைக் கூடாரத்துக்குள்ளேயே இருப்பவள்.

ஜனவரி 28, ஞாயிறு

கஜபதி கூப்பிட்டு உட்காரவைத்தார். டீ அவரே கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க நாடகத்த எழுதினவர் போயிட்டாரு. கூட நடிச்சவங்க ரெண்டு பேர் போயிட்டாங்களாம். ட்ரூப்பே இல்லையாம். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்ல. ஆனா ஹீரோயின் அம்மா பிடிவாதமா நிக்கிறாங்க. நீங்க ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. சாட்சி சீன சென்னைல வேற ஆர்ட்டிஸ்ட வெச்சு மேட்ச் பண்ணிக்கிறோம்."

டீ புடவையில் சிந்திவிட்டது.

அப்புறம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். சினிமாவைப் பற்றி. எந்தப் படம் ஓடியது, எது பெட்டிக்குள் போனது, அதில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்று. அரைமணி நேரம் இருக்கும். கஜபதி நல்ல மனிதர்தான், காது கொடுத்துக் கேட்கிறார்.

ஊருக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டீக்கறை போகவில்லை. சோப்பு போட்டு ஊறவைத்திருக்கிறேன்.

ஜனவரி 29, திங்கள்

வேன் எனக்காகக் காத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் கேட்காமலே இரண்டாவது முட்டை வைத்தார்கள். நாயகியின் அம்மா, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

முட்டை இறங்கவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

தினமும் அறைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போகும் கால்ஷீட்டில், அதாவது அன்றைய வேலைப் பட்டியலில், ஹேர்டிரஸ்ஸர் என்ற இடத்தில் வேறு பெயர் இருந்தது. ஃபிலோதான் எடுத்துப் பார்த்தாள். தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைத்துக் கீழே கேட்கப் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மூணு படம் மேட்டர் தெரிஞ்சுபோச்சுக்கா. எவனோ போட்டுக் குடுத்துட்டான்."

நான் சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். அதே சேலையை மறுபடி பிரித்து மடித்தேன்.

பத்து மணிக்கு வண்டி வந்துவிட்டது. போகும்போது அவளுடைய பெரிய பல் சீப்பை என் கையில் கொடுத்தாள். "தல சிக்கு எடுக்காம உடாதீங்க. நீங்க இருந்ததுல பத்து நாள் போனதே தெரில." கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கை இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன.

அறை இப்போது முழுதும் எனக்கே. பெரிதாக இருக்கிறது.

பிப்ரவரி 1, வியாழன்

சாட்சிக் காட்சி எடுத்தார்கள். தாசில்தார் கேட்கிறார். நான் கையை நீட்டி, "என் கண்ணால பார்த்தேன் சாமி" என்கிறேன். எதிரே அந்தப் பெண் என்னையே பார்க்கிறது. குரல் மேலே போகவே இல்லை. தானாக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே டேக்.

அஸ்வத் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மேம், என்ன பண்ணீங்க? இதத்தான் நான் தேடிட்டு இருந்தேன். என்ன நினைச்சு நடிச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கல" என்றேன்.

யூனிட் முழுக்கக் கைதட்டியது. நூற்று நாற்பத்து மூன்று மேடையிலும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்று எப்போது நிறுத்துவார்கள் என்று இருந்தது.

பிப்ரவரி 3, சனி. மதுரை

வீடு. எட்டுக்கால் பூச்சி ஒன்று சமையலறை மூலையில் குடித்தனம் வைத்திருக்கிறது. அரிசியில் வண்டு. வெயிலில் கொட்டிப் புடைத்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஃபிலோ போன் பண்ணினாள். நம்பர் யாரிடமோ வாங்கியிருக்கிறாள். "சாப்டீங்களா, தலைக்கு எண்ண வெச்சீங்களா?" என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினாள். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறேன் என்றாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஃபிலோ கூப்பிட்டாள். இந்த மாதம் ஒரு சீரியல் வேலை இருந்ததாம், கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். "நியூஸ் பரவிடுச்சு போல" என்று சிரித்தாள். சிரிப்பு முன்போல் இல்லை.

"அப்புறம்க்கா, வேற?" என்றாள்.

வேறு ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

கேஸ் பதிந்தேன். மூட்டுவலிக்குத் தைலம். முன்பு நான் வேலை பார்த்த பள்ளி வழியாக நடந்துபோனேன், உள்ளே போகவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

இரண்டாவது கம்பெனியும் அவளை வேண்டாம் என்றதாம். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போயிருக்கிறாள். அங்கேயும் ஒரு மேக்கப்காரி பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் காதைக் கடித்திருக்கிறாள். பாதிப் பின்னலில் எழுப்பிவிட்டார்களாம்.

"பாதிப் பின்னல்லக்கா. மீதிய அவங்க அத்தைக்காரி போட்டா."

எனக்கு வாய் வரை வந்தது. வந்து நின்றுகொண்டது.

"அப்புறம், வேற?" என்றாள்.

"வேற ஒண்ணும் இல்ல ஃபிலோ."

பிப்ரவரி 25, ஞாயிறு

கூப்பிட்டாள். சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறாளாம். பாதியில் வேலையைவிட்டு நிறுத்தியதற்கும், பெயரைக் கெடுத்ததற்கும். "ஒரே ரூம்ல இருந்தீங்கன்னு உங்க பேரக் குடுத்திருக்கேன். நான் எப்படிப்பட்டவன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல முடியும்?

பிப்ரவரி 28, புதன்

நான் இந்த டைரியில் ஜனவரி இருபத்தெட்டாம் தேதிப் பக்கத்தை மறுபடி படித்தேன். 'பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்' என்று எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று இதில்கூடப் பொய் எழுதினேன்?

நான் கஜபதியிடம் சொன்னது இதுதான். "என்னையப் போய் சொல்றீகளே, அந்த ஃபிலோமினா கை வச்ச மூணு படமும் பொட்டியிலதான் கெடக்கு. அவகிட்டயே கேட்டுப் பாருங்க." அவர் எந்தெந்தப் படம் என்று கேட்டார். பெயர் தெரியாது என்றேன். மூன்று என்பது நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

எழுதிவிட்டேன். ஒன்றும் குறையவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

கூப்பிட்டாள். அதிகம் பேசவில்லை. "வேற?" என்று இரண்டு தடவை கேட்டாள். நேரில் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

கஜபதி போன். "வியாழக்கிழம சங்கத்துல பதினொரு மணிக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு நேரா டப்பிங்குக்கு வந்துருங்கம்மா. ஒரு மணிக்கு உங்களுக்குத் தியேட்டர் போட்டிருக்கேன். டைரக்டர் உங்க வாய்ஸ்தான் வேணும்னு சொல்றாரு. நான்தான் ஏற்பாடு பண்ணணும், பாத்துக்கோங்க."

பாத்துக்கோங்க என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்.

மார்ச் 7, வியாழன். சென்னை, எழும்பூர் நிலையம்

ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சொல்லிவிட்டேன்! சங்கக் கட்டடம் இரண்டாம் மாடியில். மேசைக்குப் பின்னால் செயலாளரும் நான்கு பேரும். சுவரோரமாக வேடிக்கை பார்க்கப் பத்திருபது உறுப்பினர்கள். ஒரு பக்கம் கஜபதி, மறுபக்கம் ஃபிலோ. கஜபதி, ஆள் அதிகமானதால்தான் குறைத்தோம், யார் பேச்சையும் கேட்கவில்லை என்றார். செயலாளர் என்னைப் பார்த்து, "இந்த ராசி கீசின்னு பேச்சு யாரு கிளப்பினதுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்றார்.

உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம், நான் எழுந்தேன். "ஐயா, யாரையும் தேட வேண்டாம். அந்தப் பழியைச் சொன்ன நாக்கு இது. கள்ளங்கபடமில்லாத ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னதை, நான் எடுத்துப்போய் விற்றேன். தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள்" என்றேன். குரல் பழைய குரல். கடைசிச் சுவர் வரைக்கும் போனது. வாசலில் டீத் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தார். மேடையில் இத்தனை வருடமும் அப்படியொரு அமைதி எனக்கு வாய்த்ததில்லை.

கஜபதி முகம் கறுத்துவிட்டது. ஃபிலோ மேல் எந்தக் குறையும் இல்லை என்று எல்லாக் கம்பெனிக்கும் கடிதம் அனுப்புவதாகவும், அடுத்த படப்பிடிப்பில் கஜபதியே அவளுக்கு வேலை தரவேண்டும் என்றும் முடிவாயிற்று.

ஒரு மணிக்கு டப்பிங் தியேட்டருக்குப் போனேன். இன்று இல்லை, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். எதிர்பார்த்ததுதான். பெரிய காரியம் ஒன்றைச் செய்தால் விலை கொடுக்கத்தான் வேண்டும்.

படியில் இறங்கும்போது ஃபிலோ ஏதோ சொன்னாள். பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 8, வெள்ளி. மதுரை

அவள் சொன்னது.

நான் பின்னாலேயே இறங்கிப்போய், "ஃபிலோ, ஒருவழியா நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்றேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. மூணு படம்னு நான் உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். வண்டில ஏறி நாலு வளைவு இறங்கறதுக்குள்ள புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிட்ட?"

"இன்னிக்கு சொல்லிடுவீங்க, இன்னிக்கு சொல்லிடுவீங்கன்னுதான். அஞ்சு வாரம் கூப்ட்டேன்."

"இப்பத்தான் சொல்லிட்டேனே ஃபிலோ, எல்லார் முன்னாடியும்!"

"ஆமா. எல்லார்கிட்டயும் சொன்னீங்க. எங்கிட்ட சொல்லவே இல்லியே. போன்ல யாரும் வேடிக்க பாக்கல, அதான் வரல போல."

அவள் இறங்கிப்போய்விட்டாள். நான் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒருவர் வந்து, "என்னமா பேசினீங்கம்மா, புல்லரிச்சுப்போச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். வெட்கக்கேடு!

மார்ச் 10, ஞாயிறு

இன்று நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

அஸ்வத் பேசினார், மன்னிப்பு கேட்பதுபோல. சாட்சிக் காட்சிக்கு வேறு ஆர்ட்டிஸ்ட் குரல் கொடுத்துவிட்டாராம். தயாரிப்புத் தரப்பின் முடிவாம், தன்னால் தடுக்க முடியவில்லையாம். "ஃபேஸ் உங்களுதுதான் மேம், அத யாராலயும் எடுக்க முடியாது" என்றார்.

என் வாய் அசையும், இன்னொருத்தி பேசுவாள். உட்கார்ந்து அழுதேன். குரலுக்காகத்தான் அழுதேன், பொய் சொல்லவில்லை. இந்தக் காட்சிக்காகத்தான் எல்லாம் செய்தேன்.

மார்ச் 15, வெள்ளி

முத்தக்காவுக்குப் பொறாமை என்று சொன்னேனே. பொறாமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளும் ஒண்டிக்கட்டையாக இருந்திருப்பாள். அடுத்து விரல் யார் பக்கம் திரும்பும் என்று எண்ணிப் பார்த்திருப்பாள். செத்துப்போன காந்திமதி இதைத் தெரிந்துதான் நடித்தாளா என்று கேட்கவேண்டும்போல் இருக்கிறது. அவள் இருந்தபோது பேசாமலே இருந்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கேஸ் வந்தது.

மார்ச் 24, ஞாயிறு

எடுத்தாள். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள், முடி உலர்த்தும் மெஷின் சத்தம். வேலையில் இருக்கிறாள்.

"ஷூட்டிங்ல இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க."

நேற்றே என்ன பேசுவது என்று எழுதிவைத்திருந்தேன். தாளைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டேன்.

"ஃபிலோ, என்னைய ஊருக்கு அனுப்புறேன்னு அவரு சொன்னாரு. பயந்துபோயிட்டேன். அந்த நேரத்துல வேற எதுவும் தோணல. உன்னயப் பிடிச்சுக் குடுத்துட்டு நான் தப்பிச்சுக்கிட்டேன்." அதற்குமேல் குரல் எழும்பவில்லை. காது வைத்துக் கேட்டால்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

மெஷின் சத்தம் நின்றது. அவள் எங்கேயோ ஒதுங்கி வந்திருக்கவேண்டும்.

"ம்" என்றாள். அப்புறம், "இத அன்னிக்குக் கட்டில்ல உக்காந்தே சொல்லியிருக்கலாமே. ரெண்டு அறை விட்டுட்டு, அந்த வண்டிலயே சேர்ந்து இறங்கியிருப்போம்."

"சொல்லியிருக்கலாம்."

"சரி, கூப்புட்றாங்க. வெக்கிறேன்."

வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் கூப்பிடலாமா என்று நான் கேட்கவில்லை.